வட்டக் கடிகாரம்

அக்டோபர் 9, ஞாயிறு

இன்று எடுத்த இருபத்திரண்டு ஷாட்டையும் படத்தை விரிக்கும் பொத்தானைப் போடாமலே எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. எதுவும் பாழாகவில்லை, பிறகு சரி செய்துகொள்ளலாம். ஆனாலும் தப்பு என்னுடையது. எழுதி வைக்கிறேன்.

வாசகசாலை மாடியில் நடக்கும் எங்கள் மாலை வகுப்பில் பன்னிரண்டு பேர். செவ்வாய், வியாழன், சனி, ஆறிலிருந்து எட்டு வரை. போனில் சினிமா எடுப்பது எப்படி என்று லின்சன் சார் சொல்லித்தருகிறார். பகலில் அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு அனமார்ஃபிக் லென்ஸ். பெருவிரல் பருமன் கண்ணாடிதான். போனுக்கு ஓர் உறை போட்டு, கேமராவுக்கு நேராக அதைத் திருகி மாட்ட வேண்டும். அகன்ற காட்சியை இரண்டு பக்கமும் நெருக்கி உள்ளே அனுப்பும். பதிவில் எல்லோரும் ஒடுங்கி, நெடுநெடுவென்று தெரிவார்கள். பிறகு படத்தைப் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரித்துவிட்டால் ஆட்கள் பழையபடி ஆகிவிடுவார்கள், காட்சி மட்டும் தியேட்டர் திரை மாதிரி அகலமாக நிற்கும். செயலியில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. முன்பே போட்டுவிட்டால் விரித்த படமாகவே பதிவாகும். போட மறந்தால் எடிட்டிங்கில் கையால் விரிக்க வேண்டும்.

லென்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் என் முறை. சேர்த்தலையில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அன்றுதான் விடுமுறை. வகுப்பில் மற்றவர்கள் இந்த லென்ஸைக் கொஞ்சம் சாய்த்து மாட்டிவிட்டு, தென்னை மரங்கள் ஏன் கோணலாக நிற்கின்றன என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் குழப்பமில்லை. கடையில் சிலிண்டர் பவர் கண்ணாடிகளை நாள் முழுக்கக் கோணம் பார்த்துப் பொருத்துகிறேன். இதுவும் அதே இனம். அதனால் வகுப்பில் எனக்குக் கொஞ்சம் பெயர். பெயர் இருப்பதால் இன்றைய தப்பு கூடுதலாக உறுத்துகிறது.

என் படம் ஏழு நிமிடம். பேச்சு கிடையாது. கக்கா என்னும் சிப்பியை வாரப் போன புருஷன் காயலிலிருந்து திரும்புவதற்காக ஒரு பெண் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். நடிப்பவர் எங்கள் தோட்டுக்கு, அதாவது வாய்க்காலுக்கு, அக்கரையில் இருக்கும் விலாசினி சேச்சி. அவருக்குப் புதிதாக எதையும் நடிக்க வேண்டியதில்லை. புஷ்கரன் சேட்டன் விடியுமுன் வள்ளம் தள்ளிக்கொண்டு போய், நீள மூங்கிலில் கட்டிய வலையால் காயலின் அடிச்சேற்றைச் சுரண்டிக் கக்கா வாரிக்கொண்டு பதினொரு மணிக்குத் திரும்புவார். சேச்சி அதைக் கழுவி, பெரிய அண்டாவில் போட்டு, தென்னை மட்டையும் தேங்காய்த் தொண்டும் எரித்து வேகவைப்பார். ஓடு வாய் திறந்ததும் சல்லடையில் அரித்தால் சதை கீழே விழும், ஓடு மேலே நிற்கும். இருபத்தேழு வருடமாக இதுதான்.

அவர்கள் மகள் தீப்தி பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். இப்போது மஸ்கட்டில் நர்ஸ். "அம்மா நடிக்கறாங்களா? எனக்கு முதல்ல அனுப்புடீ" என்று ஒரு வாரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும், தேங்காய்க் கொத்து போட்டு வறுத்த கக்கா இறைச்சியும். சேச்சி இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, "நடிகைங்க சாப்பிட மாட்டாங்களாமே, நமக்கு அது ஆகாது மோளே" என்றார். நீல ரவிக்கை கையில் இறுக்கிப் பிடித்திருந்தது. காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் தொடர்ச்சி நோட்டில் எழுதிக்கொண்டேன்: காட்சி 3. நீல ரவிக்கை, கையில் இறுக்கம், காவிக் கரை முண்டு, இடது கையில் இரண்டு வளையல். சேச்சிக்குப் பின்னால் சுவரில் வட்டக் கடிகாரம், மணி 10.20. சாப்பாட்டு இடைவேளை: கப்பை, சேச்சி இரண்டு தடவை.


அக்டோபர் 10, திங்கள்

கடையிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். விரிக்காத படத்தைத்தான் முதலில் காட்டினேன். தப்பை மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். கொஞ்சம் சிரிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அய்யே, இது யாரு?" என்றார் சேச்சி. "அகத்திக்கீரைக் கட்டாட்டம்!"

புஷ்கரன் சேட்டன் தலை துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இது நான் கல்யாணம் பண்ணின பொண்ணுல்ல? எங்கே புடிச்சே இவளை?"

"கல்யாணத்தப்போ நீங்க மட்டும் யானையாவா இருந்தீங்க? வள்ளத்துத் துடுப்பு மாதிரி வந்து நின்னீங்க. எங்கம்மா, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாங்க."

"மோளே ஜிஷா, இந்தக் கண்ணாடியைப் பஞ்சாயத்துல சொல்லி ஊர்ல எல்லாருக்கும் மாட்டிவிடு. அப்புறம் ஒருத்தரும் நடக்கப் போறேன், சோத்தைக் குறைக்கிறேன்னு கிளம்ப மாட்டாங்க."

"பொத்தான் போட மறந்துட்டேன் சேச்சி. அதனாலதான் இப்படி. இப்ப பாருங்க." விரித்துக் காட்டினேன்.

சேச்சி போனை எட்டப் பிடித்து, பிறகு கிட்டப் பிடித்துப் பார்த்தார். "இப்ப நான்தான். முன்னாடி இருந்ததுதான் கொள்ளாம், நல்லா இருந்துச்சு. அதையே வெச்சுக்கக் கூடாதா?"

"அது தப்பு சேச்சி."

"எப்பப் பாத்தாலும் தப்பு தப்புன்னுட்டு. கண்ணாடிக்கடையில உன்னைத் தெனமும் அடிக்கிறாங்களா?"

பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த நேந்திரம்பழமும் தந்தார்கள். அக்டோபர் மாதத்துத் துலா மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. கக்கா ஓட்டுக் குவியலின் மேல் மழை விழும் சத்தம், யாரோ சில்லறையைக் கொட்டுவது போலக் கேட்டது. பதிவு செய்துகொண்டேன். ஒரு நிமிடம் பத்து நொடி.


நவம்பர் 6, ஞாயிறு

மூன்று ஞாயிறு மழையில் போயிற்று. இன்றுதான் வெயில்.

முதல் காரியமாகப் பொத்தானைப் போட்டேன். நோட்டில் எழுதினேன்: பொத்தான் போட்டாச்சு. இரண்டு முறை பார்த்தேன். லென்ஸ் நேராக இருக்கிறது.

காட்சி 7, 8, 9. கதைப்படி எல்லாம் காட்சி 3-இன் அதே நாள்தான். அதனால் உடை, வளையல் ஒன்றும் மாறக் கூடாது, கடிகார மணியும் கதைக்குப் பொருந்த வேண்டும். சேச்சி நீல ரவிக்கை போட்டு வந்து நின்றபோது எனக்கு எரிச்சலாக வந்தது. கை தொளதொளவென்று இருந்தது, முதுகில் துணி சுருங்கித் தொங்கியது.

"சேச்சி, இது வேற ரவிக்கையா?"

"அதேதான் மோளே. துவைச்சுத் துவைச்சு இளகிப் போச்சு."

"அன்னிக்கு இறுக்கமா இருந்துச்சே. ரெண்டு காட்சியும் ஒட்டாது."

"நான் வேணா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கறேன்."

"அது வயித்துக்கு, சேச்சி. கைக்கு இல்லை."

சிரித்தார். நான் ஊக்கு எடுத்து முதுகுப்பக்கம் இரண்டு ஓரத்திலும் துணியை மடித்துக் குத்தினேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல்கடை. கைக்கு அரை விரல்கடை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. மணிக்கட்டில் நிற்கட்டும் என்று உள்ளே ஒரு நூல் சுற்றிவிட்டேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். மறுபடி எடுக்க வேண்டி வந்தால் அதே அளவு மடிக்க வேண்டுமே.

அண்டா அடுப்பைப் புஷ்கரன் சேட்டனே ஊதிக்கொடுத்தார். புகை நேராக எழுந்து, பின்னால் காயலின் நீளம் முழுவதும் ஒரே கோடாக வெளுத்துக் கிடந்தது. இந்த லென்ஸ் எதற்கு என்று இன்றுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியது, அதன் ஒரு மூலையில் சேச்சி. சாதாரண போனில் ஒன்று காயல் இருக்கும், இல்லை சேச்சி இருப்பார்.

காட்சி 9, முன்னறையில். தனியாக உட்கார்ந்து கப்பை சாப்பிட வேண்டும். மூன்று தடவை எடுத்தும் சரியாக வரவில்லை. கப்பையை வாயில் வைத்து, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கேமரா நின்றதும் துப்பிவிடுகிறார்.

"மோளே, சாப்பிடற மாதிரி காட்டினா போதாதா?"

"போதாது சேச்சி. முழுங்கறது தொண்டையில தெரியணும். அப்பத்தான் நிஜமா இருக்கும்."

"நெஞ்சுல நிக்குதுடீ. கேஸு. ரெண்டு வாரமா இருக்கு. கஞ்சித் தண்ணின்னா இறங்கும்."

"ஒரே ஒரு தடவை. சின்னதா எடுத்துக்கோங்க."

நாலாவது தடவை விழுங்கினார். ஐந்தாவது தடவையும் விழுங்கினார். ஐந்தாவது நன்றாக வந்தது, கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. "சேச்சி, சூப்பர்!" என்று நான் கைதட்டினேன். அவர் எழுந்து வீட்டின் பின்பக்கம் போனார். வாய் கொப்பளிக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அதற்குள் நான் எத்தனை தடவை எடுத்தோம், ஏன் என்பதையும் காட்சி 9-இன் நேரத்தையும் நோட்டில் குறித்து முடித்துவிட்டேன். நாற்பத்திரண்டு நொடி.


நவம்பர் 8, செவ்வாய்

காட்சி 9-ஐ நேற்று தீப்திக்கு அனுப்பினேன். இன்று கடையில் மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அழைத்தாள்.

"ஜிஷா, அம்மாவுக்கு என்னடீ?"

"ஏன், என்ன?"

"என்னவா? கழுத்தெலும்பு தெரியுது. கன்னம் ஒட்டிப் போயிருக்கு. வீடியோ கால்ல வந்தா நெத்தியையும் கண்ணையும் மட்டும் காட்டறாங்க. கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மான்னா நெட் இல்லேன்னு கட் பண்றாங்க. நேத்து ராத்திரியே சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். ஏப்ரல்ல விஷுவுக்குப் போட்ட லீவை இந்த மாசமே மாத்திக் கொடுங்கன்னு கேட்டிருக்கேன். ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு மாத்திக்கறேன்னிருக்கா. நீயே சொல்லு. அம்மா மெலிஞ்சிருக்காங்களா?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மறுபடியும் அதே தப்பைப் பண்ணிவிட்டேன் என்றுதான் தோன்றியது. அது ஒன்றுதான் தோன்றியது.

"அய்யோ தீப்தி சேச்சி, அது என் தப்பு. லென்ஸ்! படத்தை விரிக்காம அனுப்பிட்டேன் போல. போன மாசமும் இதையேதான் பண்ணினேன். எல்லாரும் ஒல்லியாத்தான் தெரிவாங்க."

"நிஜமாவா?"

"நான் தெனமும் பண்ற வேலை இது. கண்ணாடி இப்படித்தான் நெருக்கும். பத்து நிமிஷம் கொடுங்க, சரி பண்ணி அனுப்பறேன்."

"மனுஷியைக் கொன்னுட்டேடீ. நேத்துலேர்ந்து சோறு இறங்கலை."

சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தேன். போனிலேயே படத்தை மூன்றில் ஒரு பங்கு விரித்தேன். படம் ஒரு நாடா மாதிரி நீண்டு குறுகியது. அதனால் இரண்டு பக்கமும் வெட்டி அனுப்பினேன். விரித்ததும் சேச்சி கன்னம் நிறைந்து, தோள் அகன்று, அக்டோபரில் இருந்த மாதிரியே ஆகிவிட்டார். எனக்கே நிம்மதியாக இருந்தது.

தீப்தி குரல் செய்தி அனுப்பினாள்: "இப்பதான் எங்கம்மா. நீ ஒரு கழுதை. லீவு வேணாம்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு தன் ஊருக்குப் போறா, சந்தோஷம் அவளுக்கு. நான் விஷுவுக்கே வரேன். கனி வைக்கும்போது நீயும் வா."

சாயங்காலம் வகுப்புக்கு முன் உட்கார்ந்து காட்சி 7, 8, 9 எல்லாவற்றையும் அதே அளவு விரித்து வைத்தேன். தப்பை உடனே ஒப்புக்கொண்டது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.


டிசம்பர் 10, சனி

இதை நேராக எழுத வேண்டும்.

இன்று வகுப்பில் எல்லோருடைய படத்தையும் பெரிய திரையில் போட்டார்கள். திரை என்றால் வாசகசாலைச் சுவரில் ஆணியடித்த வெள்ளைத் துணி. என்னுடையது நான்காவது. காயல் வந்தபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காட்சி 3 போயிற்று. நடுவில் மழைச் சத்தம். காட்சி 7, 8. பிறகு காட்சி 9, முன்னறை.

ஆட்டோ ஓட்டும் ஷமீர் பின்னால் இருந்து சொன்னான்: "சாரே, சேச்சி வீட்டுக் கடிகாரம் முட்டையாயிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கே, நிறுத்து" என்றார் லின்சன் சார். "ஆமா. காட்சி மூணுல வட்டமா இருந்துச்சே. ஜிஷா, இதை ரெண்டு தடவை விரிச்சிருக்கே. எடுக்கும்போதே பொத்தான் போட்டிருக்கே, அப்புறம் கையாலயும் இழுத்திருக்கே. கண்ணாடிக்கடைக்காரியே இப்படிப் பண்ணா ஷமீரை நான் என்ன சொல்றது?"

"என்னை விடுங்க சாரே. என் படத்துல தென்னை மரமே படுத்திருக்கு."

சார் மடிக்கணினியில் என் விரிப்பை எடுத்துவிட்டார். சுவரில் கடிகாரம் அமுங்கி வட்டமாயிற்று. "ஆங், இப்ப சரி" என்றார்.

கடிகாரம் சரியானபோது விலாசினி சேச்சி மெலிந்துபோனார். வகுப்பில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறம் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்த அந்தக் கடிகாரத்துக்குக் கீழே கன்னம் குழிந்து, கழுத்தில் இரண்டு நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் நிற்க அவர் கப்பையை விழுங்கினார். தொண்டை அசைவது நன்றாகத் தெரிந்தது. நான் கேட்டபடியே.

போனில் அந்தக் கடிகாரம் கடுகளவு இருந்தது. அதனால் பார்க்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் நோட்டு கையில்தான் இருந்தது. வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல் புரட்டினேன். நவம்பர் 6. பொத்தான் போட்டாச்சு. இரண்டு முறை பார்த்தேன். என் கையெழுத்துதான். தீப்தி கேட்ட அன்று இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்வது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. பண்ணாத தப்பை ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அதே பக்கத்தில் கீழே: ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல்கடை. கைக்கு அரை விரல்கடை. வளையலுக்கு நூல்.

அந்த ஊக்குகளைக் குத்தியது நான். துணிதான் இளகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன்.


டிசம்பர் 11, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்கு அக்கரைக்குப் போனேன். லென்ஸை எடுத்துக்கொண்டு போகவில்லை.

சேச்சி அண்டாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சல்லடையை அரித்துக்கொண்டிருந்தது புஷ்கரன் சேட்டன். அதை அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

"வா மோளே. இன்னிக்கு ஷூட்டிங்கா? கதாநாயகி வேலையை நிறுத்திட்டா, பாரு. இப்ப நான்தான் கதாநாயகி."

"சேச்சி, எவ்வளவு நாளா சாப்பாடு இறங்கலை?"

"இறங்குதே. கஞ்சி குடிக்கறேன். கேஸு மோளே, பெருங்காயம் போட்டு மோர் குடிச்சா…"

"எவ்வளவு நாளா?"

சேட்டன் சல்லடையை நிறுத்தினார். "என்ன, நீ டாக்டராட்டம் கேக்கறே?"

நான் சொன்னேன். பொத்தான், இரண்டு தடவை விரித்தது, முட்டைக் கடிகாரம், தீப்தி கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம். சொல்லும்போது பொருத்தமாகவே வரவில்லை. ஒரு போன் பொத்தானைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேனே என்று எனக்கே தோன்றியது. சேட்டன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ அந்தப் படத்துல இருந்தது…"

"சேச்சி எப்படி இருந்தாங்களோ அப்படியே இருந்தது. முதல்ல அனுப்பினது."

"தீப்தி மோளு அன்னிக்கு என்கிட்டயும் கேட்டா. அம்மா மெலிஞ்சிருக்காளா அச்சான்னு. தெனமும் பாக்கறேன், எனக்கென்ன தெரியுதுன்னேன். அப்புறம் அவளே கூப்பிட்டு ஒண்ணுமில்லை, அது கண்ணாடின்னுட்டா." அவர் சேச்சியைப் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துப் பேசினார். "அவ நர்ஸு. அவளே ஒண்ணுமில்லேன்னா நான் என்னத்தை நினைக்க? நடுவுல ஒரு நாள் இவ கையைப் பிடிச்சு வள்ளத்துல ஏத்தினேன். துடுப்பைத் தூக்கின மாதிரி வந்தா. அப்பவும் கண்ணாடின்னுதான் சொல்லிக்கிட்டேன். கையில பிடிச்சதுக்கு ஏதுடி கண்ணாடி?"

"போதும் விடுங்க" என்றார் சேச்சி.

"உனக்குத் தெரியும்தானே?"

சேச்சி அடுப்பில் ஒரு மட்டையைத் தள்ளினார்.

"உனக்குத் தெரியும்தானே விலாசினி?"

"தெரியும். துலா மழையப்பவே தெரியும். முதல்ல கப்பை நின்னுச்சு, அப்புறம் சோறு. அவ லீவைப் போட்டுட்டு ஓடி வருவா. வந்தா இங்கே என்ன? ஆஸ்பத்திரி வாசல்ல உட்காரணும். விஷுவுக்கு வரட்டும், நல்லபடியா நாலு நாள் இருக்கட்டும்னு பாத்தேன்." என்னைப் பார்த்தார். "நீ குண்டாக்கி அனுப்பின படத்தை எனக்கும் அனுப்பினா அவ. நல்லாத்தான் இருந்தேன் அதுல. அதை நான் நாலஞ்சு தடவை பாத்தேன் மோளே. ஒருவேளை இப்படித்தான் இருக்கேன் போலிருக்கு, எனக்குத்தான் தெரியலையோன்னு கூட நினைச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும் என்று தோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அழாதே. நீ எனக்கு நல்லதுதான் பண்ணினே. ஒரு மாசம் அவ நிம்மதியா இருந்தா."

அவர் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சேட்டன் அண்டாவுக்குக் கீழே தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்தார். பாதி வெந்த கக்கா அப்படியே கிடந்தது. "நாளைக்குப் போறோம்" என்றார்.

"நாளைக்குக் கக்கா எடுக்க ஆள் வருவாங்க."

"வந்துட்டுப் போகட்டும்."


டிசம்பர் 12, திங்கள்

கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடப் போனேன். தாலுகா ஆஸ்பத்திரி. டாக்டர் நடுவயதுப் பெண். எடை பார்த்தார்கள், நாற்பத்தொன்று. கழுத்திலும் வயிற்றிலும் அழுத்திப் பார்த்தார். சேச்சி டாக்டரிடமும் பெருங்காயம் போட்ட மோரைப் பற்றிச் சொன்னார்.

"எப்போலேர்ந்து மெலிஞ்சாங்க?" என்று டாக்டர் சேட்டனைக் கேட்டார்.

"கொஞ்ச நாளா… மழை நேரத்துலேர்ந்து…"

"கொஞ்ச நாள்னா? ஒரு மாசமா, மூணு மாசமா?"

சேட்டன் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து தொடர்ச்சி நோட்டை எடுத்தேன். படித்தேன். அக்டோபர் 9: ரவிக்கை கையில் இறுக்கம். கப்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். நவம்பர் 6: அதே ரவிக்கை, முதுகில் பக்கத்துக்கு ஒரு விரல்கடை மடிப்பு, கையில் அரை விரல்கடை. வளையல் முழங்கை வரை ஏறுகிறது. திடமான சாப்பாடு விழுங்கக் கஷ்டம், இரண்டு வாரமாக. ஐந்து தடவை முயன்றதில் இரண்டு தடவை விழுங்கினார், பிறகு வாந்தி. வாந்தி என்று நோட்டில் எழுதவில்லை, அன்று கேட்ட கொப்பளிக்கும் சத்தத்தை வைத்து நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

டாக்டர் நோட்டை வாங்கித் தானே படித்தார். "இவ்வளவு சரியா யாரும் வந்து சொன்னதில்லை. நீங்க நர்ஸா?"

"இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை."

"நவம்பர் ஆறாம் தேதியே இவ்வளவு பாத்திருக்கீங்க. அப்பவே ஏன் கூட்டிட்டு வரலை?"

அவர் திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது லென்ஸில் ஆரம்பித்துக் கடிகாரத்தில் முடிகிற பதில். வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். "தெரியலை டாக்டர்" என்றேன்.

வண்டானம் மெடிக்கல் காலேஜுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். என்னவாக இருக்கும் என்று சேட்டன் கேட்டதற்கு, பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் சேச்சி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "தீப்திகிட்டச் சொல்லாதே. ரிசல்ட் வரட்டும். ஒண்ணுமில்லேன்னா எதுக்குச் சும்மா?" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. சேட்டனும் சொல்லவில்லை. தண்ணீர்முக்கம் பாலத்துக்கு மேலே போகும்போது இரண்டு பக்கமும் காயல் விரிந்து கிடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

படத்தில் காட்சி 7, 8, 9-ஐ என் விரிப்பை நீக்கிச் சரியான அளவில் வைத்துவிட்டேன். காட்சி 3-உம் 9-உம் ஒட்டவில்லை. ஒட்ட வைக்கப் போவதில்லை.

நாளைக்கு: 5.40 பஸ், முகம்மா ஜங்ஷனில் நிற்க வேண்டும். சீட்டு, ஆதார் நகல், பழைய ரேஷன் கார்டு, சேச்சிக்கு ஃபிளாஸ்கில் கஞ்சித் தண்ணீர், வெறும் வயிற்றில் வரச் சொன்னால் அது வேண்டாம், கேட்டுக்கொள்ள வேண்டும். தொடர்ச்சி நோட்டு. ஏழரைக்குள் ஓ.பி. வரிசை. தீப்திக்கு அங்கே ஏழு மணிக்கு டூட்டி, நம் நேரம் எட்டரை. எட்டு மணிக்கு வரிசையை விட்டுத் தள்ளி நின்று அவளை அழைக்க வேண்டும். சொல்ல வேண்டியது: நவம்பர் 8 நான் இரண்டாவதாக அனுப்பிய படம் தப்பு. முதலில் அனுப்பியதுதான் சரி.